பத்து வருஷம் கழித்து வாசலுக்கு வந்த கவுன்சிலர்

கடலோரி:
2025 மே 4 நகராட்சித் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும். மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் எங்கள் வாசலுக்கு நாலு பேர் ஓட்டு கேட்டு வந்தார்கள். ஒருவரை அம்மாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. 2015இல் ஜெயித்தவர். அப்போது ஒரு சின்னம், இப்போது வேறு சின்னம். அம்மா சண்டை போடவில்லை. உள்ளே போய் என் மகனைக் கூட்டி வந்து அவர் முன்னால் நிறுத்தினார். கிரியோலில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "தம்பி, நீங்க போன தடவை வந்தப்போ இவன் வயித்துல இருந்தான்." அவர் பையன் தலையைத் தடவினார். துண்டறிக்கையை அம்மாவிடம் நீட்டாமல் பையன் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

மலையடிவாசி:
அவர்மேல் மட்டும் பழி போடாதீர்கள். ஆறு வருஷப் பதவி 2021இல் முடிந்திருக்க வேண்டும். தேர்தலைத் தள்ளித் தள்ளிப் போட்டது மேலே இருப்பவர்கள். பெரிய வடிகால் வேலையெல்லாம் கவுன்சிலர் கையில் இல்லை, மத்திய அரசின் என்.டி.யு. (தேசிய வளர்ச்சிப் பிரிவு) கையில். பெலால் புயலில், 2024 ஜனவரி 15 அன்று, எங்கள் தெருவில் ஒரு பெண் கவுன்சிலர் முழங்கால் தண்ணீரில் நின்று வடிகால் கம்பியில் சிக்கிய கிளைகளைக் கையாலேயே இழுத்துப் போட்டார். கையெல்லாம் கீறல். 2013 மார்ச் 30 வெள்ளத்தில் 11 பேர் போனதைப் பார்த்த ஊர் இது. அதையும் நினைக்க வேண்டும்.

செல்வி:
நான் ஒரே ஒருமுறை மேரிக்கு (நகராட்சி அலுவலகத்துக்கு) போனேன், தெருவிளக்குக்காக. மூன்றாம் வாரம் எரிந்தது. அதனால் சொல்கிறேன், வாசலில் பேசி ஒன்றும் ஆகாது, எழுத்தில் கொடுங்கள். தேதியோடு போட்டோ இணையுங்கள். எட்டு வட்டாரம், வட்டாரத்துக்கு நாலு பேர், ஆக 32 கவுன்சிலர்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலர்கள் நாலு பேருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள், ஒருவர் தட்டிக்கழித்தாலும் இன்னொருவர் எடுப்பார். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். நேரே நகராட்சித் தலைவரான லார்ட் மேயரிடம் போவது வீண். அவரைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்ல, கவுன்சிலர்கள்தான். அவர் அவர்களைத்தான் பார்ப்பார். அப்புறம், தேர்தல் நேரத்தில் கொடுக்காதீர்கள், காகிதம் காணாமல் போகும்.

கடலோரி:
மலையடிவாசி அண்ணே, தேர்தல் தள்ளிப்போனது அம்மாவுக்கும் தெரியும். தெருவுக்கு வருவதை யாரும் தள்ளிப்போடவில்லையே. செல்வி அக்கா, அம்மா அந்தக் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறார், வாசலில் தேங்கும் தண்ணீருக்காக, இரண்டு தடவை. கையெழுத்து வாங்கிய நகல்கள் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. அன்று அவற்றை எடுத்துக் காட்டுவார் என்றுதான் நினைத்தேன். பையனைக் கூட்டி வந்தார்.