பழைய வானொலி வால்வுகளுக்கு இன்னும் பயன் உண்டா?

கேள்வி: தேக்கா வாசகர்

வணக்கம். தாத்தா சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) வானொலியின் மரப்பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது. முகப்புக் கண்ணாடியும் நொறுங்கிவிட்டது. இனி அதை வானொலியாக மீட்க வழியில்லை. அதிலிருந்த இசிஎச் 81, இபிஎஃப் 89, இஏபிசி 80, இஎல் 84, இஇசட் 80, இஎம் 80 ஆகிய வால்வுகளைக் கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைப்பதைத் தவிர இவற்றால் வேறு பயன் உண்டா? சேசிஸும் (பாகங்களைப் பொருத்தும் உலோகச் சட்டம்) டிரான்ஸ்ஃபார்மர்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

பதில்: புக்கிட் பாத்தோக் அன்பர்

ஐயா, அந்த சேசிஸைத் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். வால்வைவிட, வால்வை ஒலிபெருக்கியுடன் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடைப்பதுதான் இன்று அரிது. இஏபிசி 80-இல் உள்ள டிரையோடு சிறு ஒலிக்குறிப்பைப் பெருக்குகிறது. இஎல் 84 அதை ஏறத்தாழ 5 வாட் அளவுக்கு உயர்த்தி ஒலிபெருக்கிக்குத் தருகிறது. இஇசட் 80 இவ்விரண்டுக்கும் வேண்டிய உயர் நேர்மின்னழுத்தத்தை வழங்குகிறது. அதாவது, அறைக்குப் போதுமான ஓர் ஆம்ப்ளிஃபையர் உங்கள் சேசிஸிலேயே முழுமையாக இருக்கிறது. அக்காலத்து ஐரோப்பிய வானொலிகள் பலவற்றின் பின்புறத்தில் கிராமபோன் இணைப்பதற்கென்று துளைகள் இருக்கும். கைபேசியின் இடது, வலது ஒலிகளைத் தலா ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒன்றுசேர்த்து அங்கே கொடுத்தால் பாட்டுக் கேட்கலாம். ஆனால், மின்சாரம் கொடுப்பதற்கு முன் பழைய காகித, மின்பகு கெப்பாசிட்டர்களை மாற்றியே ஆகவேண்டும். அவை சிம் லிம் டவரில் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. சில பெட்டிகளில் மின் இணைப்பிலிருந்து சேசிஸைப் பிரித்து வைக்காத ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்தியிருப்பார்கள். அப்படியானால் நமது 230 வோல்ட் நேராக சேசிஸுக்கே வந்துவிடலாம் என்பதால், அதைச் சோதித்து உறுதிசெய்யாமல் கைபேசியை இணைக்காதீர்கள்.

பதில்: ஜூரோங் மின்பணியாளர்

முதலில் வால்வுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளி போல் மின்னும் பேரியம் பூச்சு வெளுத்துப் பால் நிறமாகியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வு இனி உதவாது. நீங்கள் குறிப்பிட்ட ஆறு வால்வுகளிலும் ஹீட்டர் (உள்ளே சூடேற்றும் கம்பி) 4, 5 ஆம் பின்களில்தான் இருக்கிறது. மல்டிமீட்டரில் சில ஓம் காட்டினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், எண் அழிந்துவிட்டால் அது எந்த வால்வு என்று சொல்வதே கடினமாகிவிடும்.

பதில்: உட்லண்ட்ஸ் வானொலிப் பிரியர்

இசிஎச் 81-உம் இபிஎஃப் 89-உம் வானொலி அலைகளைக் கையாள்பவை என்பதால் அவற்றுக்கு ஆம்ப்ளிஃபையரில் வேலையில்லை. அவற்றைப் பழைய வானொலிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தால் ஊமையாகிக் கிடக்கும் இன்னொரு பெட்டி பேசத் தொடங்கும். அதைவிட நல்ல பயன் எனக்குத் தோன்றவில்லை. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு இத்தகைய பொருள்கள் கைமாறும் இடம் குறைந்துவிட்டதால், நல்ல வால்வு ஒவ்வொன்றும் மதிப்புள்ளது. சிலர் ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட் கொடுத்து வால்வை அலங்கார விளக்காக எரியவிடுகிறார்கள். வால்வின் வழியே மின்னோட்டம் பாயாமல் நெடுநேரம் சூடேறும் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் பகுதி) கெட்டுவிடும் என்பதால், நல்ல வால்வை அப்படி வீணாக்குவதை நான் ஏற்கமாட்டேன். பேழையில் வைப்பதற்குச் செத்த வால்வுகள் போதும்.

தேக்கா வாசகர்

மிக்க நன்றி. சேசிஸைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் இஎம் 80-இன் பச்சை ஒளி இறுதி நாள்களில் மிகவும் மங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: ஜூரோங் மின்பணியாளர்

முடியாது. ஒளிரும் பூச்சு தேய்ந்துவிட்டால் அதைப் புதுப்பிக்க வழியில்லை. ஆயினும் ஓரளவு தெரிகிறதென்றால், ஆம்ப்ளிஃபையரின் ஒலி அளவைக் காட்டும் கண்ணாக அதை அமைத்து, இருட்டிய பிறகு பார்க்கலாம்.