செஞ்சி ராஜகிரி: கடலூரிலிருந்து ஒரே நாளில் ஏறி இறங்க முடியுமா?

மஞ்சக்குப்பம் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் செஞ்சிக் கோட்டைக்குப் போகிறோம். ஐவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவன் சென்னையிலிருந்து சனி இரவு வருகிறான், திங்கள் காலை அவனுக்கு வேலை. அதனால் ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். மூன்று பைக் இருக்கிறது.

மலை என்றால் எங்களுக்குத் தெரிந்தது கேப்பர் மலைதான். அதிலும் பஸ்ஸில்தான் ஏறியிருக்கிறோம். ராஜகிரி உச்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியையும் அன்றே பார்த்துவிடலாமா? இன்னொன்று: எங்களில் ஒருவனுக்குப் போன வருடம் பந்து விளையாடும்போது முட்டி பிசகியது. நடப்பான், ஆனால் மாடிப்படி என்றால் முகம் சுளிப்பான். அவனையும் ஏற்றலாமா?

முத்தியால்பேட்டைவாசி

தம்பி, நான் நான்கு முறை போயிருக்கிறேன், மூன்று முறைதான் உச்சியைப் பார்த்தேன். முதல் தடவை நாங்கள் ஆற அமரக் கிளம்பி, திண்டிவனத்தில் சாப்பிட்டு, கீழ்க் கோட்டையில் கல்யாண மகால் என்ற பழைய அடுக்குக் கட்டடத்தில் படம் எடுத்துக்கொண்டே பொழுதைப் போக்கினோம். ராஜகிரி அடிவாரத்துக்கு வந்தபோது மணி மூன்றரை. இனி மேலே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, இருட்டில் அந்தப் படிகளில் இறங்கவே முடியாது. எங்கள் சோம்பலுக்குக் கிடைத்த கூலி.

ஆகவே முதல் வேலை ராஜகிரி. மற்றதெல்லாம் இறங்கிய பிறகு. கடலூரிலிருந்து புதுச்சேரி வழியாகச் சுற்ற வேண்டாம். பண்ருட்டி, விழுப்புரம், அங்கிருந்து செஞ்சி. விழுப்புரத்துக்கு அப்புறம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஊரைத் தாண்டித் திருவண்ணாமலை சாலையில் கொஞ்சம் போனால் கோட்டை. சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி. ஊர்க்காரர்களிடம் ராணிக் கோட்டை, ராஜா கோட்டை என்று கேளுங்கள்.

ராஜகிரி 800 அடி. எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் படிகள் ஒரு சீராக இல்லை. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். பாதி தூரம் மர நிழல், பின்பாதி வெறும் பாறை. பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இப்போது நிலையான பாலம் இருக்கிறது. அக்காலத்தில் இழுத்துக்கொள்ளும் மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் எதிரி இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். 1690-லிருந்து 1698 வரை முகலாயப் படை ஏன் எட்டு வருடம் முற்றுகையிட்டது என்பது அந்தப் பாலத்தில் நின்று கீழே குனிந்து பார்த்தால் தானாகப் புரியும். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுவதற்குள் அவர் தப்பிவிட்டார்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், ஒரு பீரங்கி, அப்புறம் காற்று. கல்யாண மகாலின் அடுக்குக் கூரை கீழே தீப்பெட்டிகளை அடுக்கியது போலத் தெரியும். எதிரே கிருஷ்ணகிரி. அதன் பாறைகளை யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனது மாதிரி இருக்கும்.

புதுச்சேரிக்காரன் என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழ்க் கோட்டையில் புதுச்சேரி வாசல் என்றே ஒரு வாசல் உண்டு. 1750-லிருந்து 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கோட்டை இது. எங்கள் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் வெங்கட்ரமணர் கோயிலைப் பார்த்துவிட்டு வந்து அந்தத் தூண்களைப் பாருங்கள். இத்தனை வருடம் அதில் சாய்ந்து சுண்டல் தின்றதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது எனக்கு.

இரண்டு மலையும் ஒரே நாளில் வேண்டாம். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல்.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா

முட்டி விஷயத்தை அண்ணன் விட்டுவிட்டார். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி மாட்டிக்கொள்ளும். அரைவழியில் பிடித்துக்கொண்டால் தூக்கி வர ஆள் கிடையாது. அந்தத் தம்பியைக் கீழேயே விடுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். களஞ்சியம், ஆனைக்குளம், கல்யாண மகால் என்று கீழே பார்க்கவே அரை நாள் ஆகும்.

மேலே தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு இரண்டு லிட்டர் கீழிருந்தே. சாப்பாட்டை பாலிதீன் கவரில் கொண்டு போகாதீர்கள். கவர் சலசலக்கும் சத்தம் கேட்டாலே குரங்கு வந்துவிடும். என் எலுமிச்சை சாதம் ஒரு தாய்க் குரங்குக்குப் போனது. மூடி இறுகிய டப்பா, துணிப்பை. கையில் குச்சி இருக்கலாம், ஓங்காதீர்கள்.

மஞ்சக்குப்பம் தம்பி

அண்ணா, அக்கா, போய் வந்துவிட்டோம். விடியும் முன்பே கிளம்பினோம். விழுப்புரம் தாண்டிப் பனி, முன்னால் போன பைக்கின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கேட் திறந்ததும் ஏறிவிட்டோம். ஒன்றரை மணி நேரம் என்றீர்கள், எங்களுக்கு ஒன்றே முக்கால். அதில் கால் மணி நேரம் கமலக்கண்ணியம்மன் கோயில் அருகே உட்கார்ந்து, திரும்பிவிடலாமா என்று பேசியது.

பாலத்தில் ஒருவன் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு கடந்தான். பெயர் சொல்லவில்லை, இதை அவனும் படிப்பான். உச்சியில் காற்று பேச விடவில்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். கிருஷ்ணகிரியை அங்கிருந்தே பார்த்ததோடு சரி.

முட்டிக்காரனுக்குத் துணையாகச் சென்னைக்காரன் கீழே தங்கினான், இரவு தூக்கமில்லையாம். புளிசாத டப்பாவை அவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏறினோம். ஒரு மணிக்கு இறங்கி வந்தால் ஐந்து பேர் சாப்பாட்டில் பாதி காணோம். குரங்கு தின்றுவிட்டது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள். தின்றுவிட்டு டப்பாவை மறுபடி இறுக மூடி, பையில் வைத்துவிட்டுப் போன குரங்கு.