மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு கூகுள் எர்த் எதற்கு?

வளவுக்காரி:
மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஸ்மார்ட் போர்டில் கூகுள் எர்த்தைப் போட்டுச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானை மேலிருந்து காட்டினேன். ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே சதுரம் சதுரமாக ஓட்டைகள், வளவு என்கிற திறந்த முற்றங்கள். "டீச்சர், அது எங்க ஐயா வீட்டு வளவு!" என்று ஒருத்தி கத்திவிட்டாள். இந்த வீடுகளுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நான் வாயால் எத்தனை தடவை சொன்னாலும் இப்படிப் பதியாது. ஆனால் ஒரு பெற்றோர், "இந்த வயசில் இதெல்லாம் எதுக்கு" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

ஊருணிக்கரை:
நான் அந்தப் பெற்றோர் பக்கம்தான், டீச்சர். என் பேரன் போனில் காரைக்குடியிலிருந்து ரங்கூனுக்கு ஒரே இழுப்பில் போகிறான். "பக்கத்துலதான் ஐயா இருக்கு" என்கிறான். நேர்கோட்டிலேயே சுமார் 2,000 கி.மீ.! கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் கப்பலில் நாள்கணக்கில் கிடந்து போன தூரம், அவனுக்கு இரண்டு விரல். இன்னொன்று, மேலிருந்து பார்த்தால் மேடு பள்ளம் தெரியாது. ஊருணியை ஏன் அந்த இடத்தில் வெட்டினார்கள் என்பது மழை பெய்யும்போது தெருவில் நின்றால்தான் புரியும்.

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணே, அம்புக்குறியை வைத்த இடத்தின் உயரத்தை அதுவே காட்டுமே.

ஊருணிக்கரை:
அந்த உயரக் கணக்கு சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும், தம்பி. நம்ம தெருச் சரிவு ஒரு முழம்கூடத் தேறாது.

வளவுக்காரி:
தூரம் விஷயத்தில் ஐயா சொல்வது நியாயம். அதனால் நேற்று பள்ளிக்கூட வாசலிலிருந்து ஊருணிப் படித்துறை வரை பிள்ளைகளை எட்டு வைத்து எண்ணச் சொன்னேன். ஒருத்தனுக்கு 310, இன்னொருத்திக்கு 345. அதிலேயே ஒரு பஞ்சாயத்து. அப்புறம் திரையில் அளவுகோலை இழுத்தோம், 160 மீட்டர். "அப்ப ரங்கூனுக்கு எத்தனை எட்டு?" என்று கேட்டான் 310 எட்டுக்காரன். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 40 லட்சம். வாயைப் பிளந்தார்கள். படத்தில் ஊருணி நிறையத் தண்ணீர், நேரில் வெடிப்பு விட்ட மண். அது எப்போதோ எடுத்த படம் என்று புரியவைக்கத்தான் அரை மணி நேரம் ஆயிற்று.

ஊருணிக்கரை:
சரி, அந்த 310 எட்டு திரை இல்லாமலே வந்திருக்குமே?

தேவகோட்டை ரஸ்தா:
வந்திருக்கும். ரங்கூன் வந்திருக்காது, அண்ணே.

ஊருணிக்கரை:
அதற்கு உலக உருண்டை போதும். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. டீச்சர் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.