காட்டிவிளக்கின் நிறங்கள்: நிறவரம்பா, நிறக்கட்டா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம். ஆளியில், அதாவது சுவிட்சில், அதன் நிலையைக் காட்ட எரியும் சின்ன விளக்குத்தான் காட்டிவிளக்கு. அது காட்டக்கூடிய நிறங்களின் தொகுதிக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் நம் பேச்சு.

> ஆளியின் காட்டிவிளக்கு ஒருசில நிறங்களைத்தான் காட்டும் என்பதை ‘நிறவரம்பு’ என்று சொல்லிவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

கோயம்புத்தூர் ஐயாவின் இந்த வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். சொல் நல்ல சொல். ஆனால் மட்டக்களப்பில் வயல்காரர் வீட்டில் பிறந்த எனக்கு வரம்பு என்றதும் கண்ணில் வருவது நெல்வயல். வரம்புக்கு உள்ளே எங்கேயும் கால் வைக்கலாம், எங்கேயும் விதைக்கலாம். தாண்டினால்தான் அடுத்தவர் காணி. தொலைக்காட்சித் திரைக்கு அது அப்படியே பொருந்தும். ஓர் எல்லைக்குள் அடங்கும் எந்த நிறத்தையும் திரை காட்டிவிடும். சுவர் ஆளியில் எரியும் அந்தச் சின்ன விளக்கிடம் இருப்பதோ எண்ணிவைத்த சில நிறங்கள். ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே எதுவும் கிடையாது.

எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்ட இடத்தையும் சொல்லவேண்டும். போன மாதம் மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு வீட்டுக்கு வயறிங் வேலைக்குப் போயிருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் கம்பியில்லாத் தொடு ஆளிகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டரை அதில் ஒன்றோடு இணைத்தேன். அணைந்திருந்தால் நீலம், போட்டால் சிவப்பு. இருட்டிலும் ஆளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு ஆயுள் முழுக்கத் தெரிந்த காட்டிவிளக்கு பிளக் பொயின்ரில் எரியும் சிவப்பு நியோன் ஒன்றுதான். எரிந்தால் கறண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. முதல் நாள் இரவு நீலம் எரிவதைப் பார்த்து மோட்டர் ஓடுகிறது என்று நினைத்து, நிறுத்துவதற்காகத் தொட்டிருக்கிறா. சிவப்பு வந்ததும், தெருச் சிக்னலைப்போல, நின்றுவிட்டது என்று படுக்கப் போய்விட்டா. விடியும்போது வளவு முழுக்கத் தண்ணீர்.

“ஓடக்குள்ள பச்சையா எரியச் செய்து தாங்க தம்பி” என்று கேட்டா. நியாயமான கேள்வி. கழற்றிப் பார்த்தேன். உள்ளே சிவப்புக்கு ஓர் எல்.ஈ.டி., நீலத்துக்கு ஓர் எல்.ஈ.டி. பச்சை இல்லவே இல்லை. கைபேசிச் செயலியில் எவ்வளவு தேடினாலும் இல்லாத பச்சை வராது. இதை அந்த அம்மாவிடம் ஒரே சொல்லில் சொல்ல வழியில்லாமல் நின்றேன்.

கணக்கு இதுதான். ஓர் எல்.ஈ.டி. இருந்தால் 1 நிறம். இரண்டு இருந்தால் தனித்தனியாக இரண்டு, சேர்ந்து எரிந்தால் ஒன்று, ஆக 3. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருந்தால் 7: அந்த மூன்றோடு மஞ்சள், மயில்நீலம், மெஜந்தா, வெள்ளை. ஏழு நிறம் என்று பெட்டியில் அச்சிட்ட ஆளிகளைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஏழுதான் இருக்கும். செம்மஞ்சள் வேண்டுமென்றால் சிவப்பு முழுதாகவும் பச்சை குறைவாகவும் எரியவேண்டும். அதற்கு ஆளிக்குள் இருக்கும் சில்லு (சிப்) பச்சையை ஒரு செக்கனுக்குள் நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி அணைக்கவேண்டும். அந்த வல்லமை சில்லுக்கு இருந்தாலும், செய்தவர்கள் 0 என்றால் இந்த நிறம், 1 என்றால் அந்த நிறம் என்று ஒரு பட்டியலை உள்ளே எழுதி மூடிவிடுகிறார்கள். இசட்-வேவ் என்ற கம்பியில்லாத் தொடர்பு முறையில் இயங்கும் ஆளிகள் பலவற்றில் பார்த்திருக்கிறேன்: பட்டியலில் உள்ள எண்ணை அனுப்பினால் நிறம் மாறும், பட்டியலில் இல்லாத நிறத்தைக் கேட்கவே வழியில்லை.

மின்சாரப் பக்கத்திலும் காரணம் உண்டு. சிவப்பு எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ற் போதும். நீலத்துக்கு 3 வோல்ற் அளவு வேண்டும். உள்ளே இருக்கும் சில்லு பெரும்பாலும் 3.3 வோல்ற்றில் ஓடுவது, ஆகவே நீலத்துக்கு மிச்சம் மிகக் குறைவு. நமது பழைய வீடுகள் பலவற்றில் ஆளிப்பெட்டிக்கு, மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் வராது. அங்கே ஆளி தான் உயிரோடு இருப்பதற்கே மின்குமிழ் வழியாகக் கசியும் துளி மின்னோட்டத்தை நம்பியிருக்கிறது. அந்த நிலையில் நிறங்களுக்கு அள்ளிக் கொடுக்க அதனிடம் என்ன இருக்கும்?

இனிச் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் இலங்கைப் பாடப்புத்தகத்தில் கணிதத் தொகுதிக்குத் ‘தொடை’ என்று பெயர். ‘நிறத்தொடை’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். மாலை என்ற பழைய பொருளும் அதற்கு உண்டு, எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் தமிழகத்தில் அதைக் ‘கணம்’ என்பார்கள்; அங்குள்ளவர்கள் தொடை என்றதும் வேறு எதையோ நினைப்பார்கள். இரு கரைக்கும் பொதுவான சொல் வேண்டும்.

நான் முன்வைப்பது ‘நிறக்கட்டு’. அறுவடையில் உப்பட்டிகளை, அதாவது அறுத்து வைத்த கதிர்ப்பிடிகளை, சேர்த்துக் கட்டுவது கட்டு. சீட்டிலும் ஒரு கட்டு. எண்ணிக்கை முன்னமே முடிந்துவிட்டது, அவிழ்க்காமல் கூட்டமுடியாது என்ற இரண்டும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. கட்டுப்பாடு, கட்டுமட்டு என்ற உறவுச் சொற்களும் பக்கத்திலேயே நிற்கின்றன. பழைய நியோன் விளக்கின் நிறக்கட்டு 1, ஏனென்றால் அந்த வாயு செம்மஞ்சள் கலந்த அந்தச் சிவப்பில்தான் ஒளிரும். கல்லடி அம்மாவின் ஆளிக்கு நிறக்கட்டு 3, அதில் செயலி பயன்படுத்த விட்டது 2.

‘காட்டி’ என்பதையும் விட்டுவிடக் கூடாது. அது எங்கள் இரசாயன வகுப்புச் சொல். பாசிச்சாயத்தாளும் (லிட்மஸ் தாளும்) ஒரு காட்டிதானே, அதுவும் சிவப்பும் நீலமும் மட்டும் தெரிந்த காட்டி. காரைதீவில் பிறந்து விஞ்ஞானம் படிப்பித்து, 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் அடங்கியிருப்பது இதே கல்லடியில். அந்த வளவைத் தாண்டி வேலைக்குப் போகிறவன் ஒரு விளக்கின் குறையைச் சொல்ல ஆங்கிலத்தைத் தேடி நிற்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

‘காட்டியொளி’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். ‘காட்டி ஒளி’ என்று பிரித்துப் படித்தால் காட்டிவிட்டு மறைந்துகொள் என்று ஆகிவிடும். காட்டிவிளக்கே இருக்கட்டும்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து

---

> எண்ணிக்கை முன்னமே முடிந்துவிட்டது, அவிழ்க்காமல் கூட்டமுடியாது

அண்ணன், இந்த விளக்கத்தோடு நிறக்கட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதற்கு முன் நான் இதே குழுவில் எழுதிய ‘நிற மட்டுப்பாடு’ என்ற சொல்லைக் கைவிடச் சம்மதமில்லை. இரண்டும் வேறு வேறு. நிறக்கட்டு என்பது ஆளியிடம் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. மோட்டர் ஓடுகிறது, நிற்கிறது, தாங்கி நிரம்பிவிட்டது, இணைப்பு அறுந்தது என்று நான்கு நிலை காட்டவேண்டிய இடத்தில் கட்டு 3 ஆக இருந்தால், அந்தப் போதாமைதான் மட்டுப்பாடு. இதையே வகுப்பில் ஒரு வசனமாகச் சொல்லிப் பார்த்தேன்: “இந்த ஆளியின் நிறக்கட்டு 3, நமக்கு நான்கு நிலை வேண்டும், ஆகவே நிற மட்டுப்பாடு இருக்கிறது.” பிள்ளைகள் மறுகேள்வி இல்லாமல் எழுதிக்கொண்டார்கள்.

ஒருவன் மட்டும் பிறகு தனியாக வந்தான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம். சிவப்பு, பச்சை, இரண்டும் சேர்ந்த மஞ்சள் என்று மூன்று காட்டும் விளக்கு, அவன் கண்ணுக்கு ஒரே நிறமாகக்கூட இருக்கலாம். ஆகவே நிறக்கட்டின் வரைவிலக்கணத்தில் ‘விளக்கு காட்டக்கூடிய’ என்று மட்டும் எழுதுவோம். பார்ப்பவர் பிரித்தறிவதை அதற்குள் சேர்க்க வேண்டாம். அவனைப் போன்றவர்களுக்கு நிறத்தைவிட விளக்கு விட்டுவிட்டு எரியும் விதம்தான் உதவும். வேகமாக, மெதுவாக, இரட்டையாக என்று அதிலும் ஒரு கட்டு இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? ‘மினுக்கக்கட்டு’ வாயில் நிற்கவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து