‘தள அணுகல்’ சரிப்படுமா? அவசரம்

வணக்கம். மொரீஷியஸில் நான் எடுக்கும் தமிழ் மாலை வகுப்புக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக ஒரு டெண்டர் அறிவிப்பை எடுத்தேன். தொழிற்பேட்டையில் லாரி திரும்பும் இடத்தை அகலமாக்கி, நடந்து வருகிறவர்களுக்குத் தனி வாசல், தடுப்புக் கம்பி, விளக்கு எல்லாம் போடுகிற வேலை. ‘தொழில் தள அணுகல் பாதுகாப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். “மிஸ், இது பாஸ்வேர்டு பற்றியதா?” என்றாள் ஒரு மாணவி. தளம் என்றால் பிள்ளைகளுக்கு இணையதளம்தான். வெள்ளி இரவு நகலெடுக்கணும். டெண்டருக்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து:
‘நுழைவழி’ போதும் டீச்சர். டெண்டரைத் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி என்கிறார்கள், இலங்கையில் கேள்விப்பத்திரம், சிங்கப்பூரில் ஏலக்குத்தகை. கேள்விப்பத்திரம் என்று போட்டால் பிள்ளைகள் பரீட்சை என்று பயந்துவிடும். ஏலமும் ஒத்துவராது. ஏலத்தில் விலை ஏறும், இங்கே இறங்கும்.

மோக்காவிலிருந்து:
உறையில் மூடிப் பெட்டியில் போடுவதுதானே? உத்தரமேரூர்க் குடவோலையை நினையுங்கள். ‘விலையோலை’ என்று வைத்தால் என்ன? அப்புறம், ‘வழி’யைவிட ‘வாயில்’ நல்லது. இல்வாய் என்பது முன்பின் மாறி வாயில் ஆனது, இலக்கணப்போலி. ஆனால் ‘இல்’ இருப்பதால் வீட்டுக்குத்தான் பொருந்துமோ என்றும் ஒரு சந்தேகம்...

ரோஸ் ஹில்லிலிருந்து:
குடவோலையில் குலுக்கி எடுத்தார்கள் ஐயா. டெண்டரிலும் குலுக்கலா? (அப்படித்தான் நடக்கிறது என்று சொல்ல ஆள் உண்டு.) இங்கே 2006ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் சட்டப்படி, விலை குறைவு மட்டும் போதாது, கேட்ட நிபந்தனைக்கும் பொருந்தணும். வாயிலில் ‘இல்’ இருந்தால் என்ன, கோயிலிலும்தான் இருக்கிறது.

கோரமண்டலிலிருந்து:
நான் தினமும் அந்த மாதிரி ஒரு வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். காலை ஏழு மணிக்கு லாரி பின்னோக்கி வரும், பெண்கள் சாப்பாட்டுப் பையோடு சாக்கடை ஓரமாக ஒதுங்குவார்கள், நடைபாதையே கிடையாது. ஆபத்து நுழையும்போது மட்டுமா? நுழைந்த லாரி உள்ளேயே குடியிருக்குமா? ‘போக்குவரவு’ என்று போடுங்கள். சிவபுராணத்தில் போக்கும் வரவும் இல்லாத புண்ணியன் என்று பாடுகிறோமே, லாரிக்கு இரண்டும் உண்டு.

மோக்காவிலிருந்து:
சோழமண்டலம் தேய்ந்து கோரமண்டல் ஆன ஊரிலிருந்து இப்படி ஒரு சொல்லா! ஆனால் அச்சில் பார்ப்பவர்கள் ‘போக்குவரத்து’ என்பதன் பிழை என்று நினைப்பார்கள்.

வகுப்பிலிருந்து:
சரி, ‘ஆலை வாசல் போக்குவரவுப் பாதுகாப்பு’ என்றே அடிக்கிறேன், மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். டெண்டருக்கு ஒப்பந்தப்புள்ளி. நகல் கடை மூடப்போகிறது.

ரோஸ் ஹில்லிலிருந்து:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. டெண்டர் என்றே விடுங்கள். 1998இல் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் ஒரு வரி கீழே போனதற்குக் கொதித்தவன்தான் நானும், ஆனால் மாணவியின் அப்பா வேலைக்கு எழுதிப் போடுவது டெண்டர்தான், ஒப்பந்தப்புள்ளி இல்லை.

மோக்காவிலிருந்து:
விலையோலையைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.