பாங்காக்கில் அம்மாவோடு 6 ராத்திரி: பூச்சந்தை பார்க்க எங்கே தங்கினால் நல்லது?

கேள்வி – கிருஷ்ணகிரி பூக்கடை

எங்க அம்மா முப்பது வருஷத்துக்கு மேல பூ கட்டுறாங்க. வெளிநாடு போனதில்ல. வர்ற மார்கழியில முகூர்த்தம் இல்லாததால கடையைத் தம்பி பார்த்துக்குவான், நான் அம்மாவை பாங்காக் கூட்டிட்டுப் போறேன். ஏஜென்ட் குடுத்த பிளான்ல 6 ராத்திரிக்கு மூணு ஹோட்டல், அதுல ரெண்டு நாள் பட்டாயா. சந்தைன்னு பார்த்தா அரை நாள் மிதக்கும் சந்தை மட்டும்தான். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அந்த ஊர்ல பூ எப்படிக் கட்டுறாங்கன்னு பார்க்கணும்." அவங்களுக்கு முட்டி வலி, கவிச்சியும் சாப்பிட மாட்டாங்க. எந்தப் பக்கம் ரூம் போடலாம், சந்தைக்கு எத்தனை மணிக்குப் போகணும்? போனவங்க சொல்லுங்க.

பதில் 1 – காவேரிப்பட்டணம் மாங்கா மண்டி

தங்கச்சி, முதல்ல அந்த மூணு ஹோட்டலை ஒண்ணாக்கச் சொல்லுங்க. பட்டாயாவை எடுத்துடுங்க. முட்டி வலிக்கிற அம்மாவை வச்சுக்கிட்டு ரெண்டு நாளைக்கு ஒருதரம் பெட்டி கட்டி இறக்கினா, பாதிப் பயணம் அதுலயே போயிடும்.

நீங்க பார்க்க வேண்டியது பாக் க்ளோங் தலாட். ஆத்தோரமா இருக்குற பூச்சந்தை, 24 மணி நேரமும் நடக்கும். ஆனா லோடு வந்து இறங்குறது நடுராத்திரிக்கு மேல. நானும் வீட்டுக்காரியும் முதல் தடவை போனப்போ சந்தைக்குத் தூரமா சுகும்வித்ங்கற பகுதியில தங்கிட்டு, காலையில பத்து மணிக்குப் போய் நின்னோம். பூ இருந்தது, ஆனா லோடு இறங்குற மும்முரமெல்லாம் முடிஞ்சிருந்தது. மண்டி வச்சிருக்கற எனக்கே அது உறைக்கலயேன்னு ரொம்ப வருத்தமாயிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு மெட்ரோவும் ஓடாது. அதனால நடந்து போற தூரத்துல ரூம் போடணும். சனாம் சாய் மெட்ரோ ஸ்டேஷனைச் சுத்திப் பாருங்க. அடுத்த தடவை நாங்க அங்கதான் தங்கினோம்.

அங்க ஒரு அம்மா மாலை கோத்துக்கிட்டு இருந்ததை ரொம்ப நேரம் நின்னு பார்த்தோம். நம்ம மாதிரி நார்ல கட்டுறதில்ல. முழங்கை நீளத்துக்கு ஊசி. அதுல மல்லி மொக்கைக் காம்பு உள்பக்கம் இருக்கற மாதிரி வட்ட வட்டமா ஏத்தி, நிறைஞ்சதும் அப்படியே நூலுக்கு இறக்குறாங்க. கீழே குஞ்சம் மாதிரித் தொங்கறது என்னன்னு குனிஞ்சு பார்த்தா நம்ம எருக்கம்பூ! பிள்ளையாருக்குப் போடற அதே வெள்ளெருக்கு. அந்தப் பூவுக்கு அங்க 'டாக் ரக்'னு பேரு. பக்கத்துல ஒருத்தர் தாமரை மொக்கை எடுத்து இதழ் இதழா உள்பக்கம் மடிச்சு வச்சுக்கிட்டே இருந்தார். செண்டுமல்லி மூட்டை மூட்டையா, ராயக்கோட்டைப் பக்கம் வர்ற மாதிரியே. அம்மாவுக்கு ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கிட்டுப் போங்க, உட்கார்ந்து பார்க்கட்டும்.

பகல்ல அதே மெட்ரோ லைன்ல வண்டி மாறாம காம்பேங் ஃபெட் ஸ்டேஷன் போகலாம். அங்க ரோட்டுக்கு ஒரு பக்கம் சட்டுசக் சந்தை. சனி, ஞாயிறுதான் முழுசா நடக்கும், அதனால உங்க 6 ராத்திரிக்குள்ள அந்த ரெண்டு நாள்ல ஒண்ணாவது விழணும். ஆயிரக்கணக்கான கடை, வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுங்க. எதிர்ப்பக்கம் ஓர் டோர் கோர், பழச்சந்தை. மாம்பழத்துக்கு ஒவ்வொண்ணா வலை உறை போட்டு, சின்னதாக் காம்பு விட்டு அடுக்கி வச்சிருந்தாங்க. நாம லாரியில கொட்டி அனுப்புறோம்! காம்பு விட்டுப் பறிச்சாப் பால் வழிஞ்சு தோல் கருகாது. இதை நம்ம ஊர் தோப்புக்காரங்க கிட்ட எத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்.

பதில் 2 – பாலக்கோடு டீச்சர்

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்கம்மா. அந்தப் பூச்சந்தையில இருந்து கொஞ்சம் நடந்தா பாஹுராட், நம்ம நாட்டுக்காரங்க துணிக்கடை வச்சிருக்கற பகுதி. சைவச் சாப்பாடு கிடைக்கும். வேற இடத்துல 'ஜே'ன்னு கேளுங்க. மஞ்சக் கொடியில சிவப்பா எழுதியிருப்பாங்க, கறி, மீன், முட்டை எதுவும் இருக்காது. சும்மா காய் மட்டும் போடுங்கன்னு கேட்டா மீன் சாஸ் ஊத்திடுவாங்க. என் மாமியார் பப்பாளி சாலட்டை ஒரு வாய் வச்சுட்டு அன்னைக்கு முழுக்கச் சாப்பிடவே இல்ல.

2025 மே மாசத்துல இருந்து, போய் இறங்குறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல வருகை அட்டை நிரப்பணும். தாய்லாந்து அரசாங்கத் தளத்துல காசே கிடையாது. பணம் கேட்கற தளம் வந்தா மூடிடுங்க. அப்புறம், ஆசைப்பட்டுச் செடியோ விதையோ பெட்டியில போட்டுட்டு வராதீங்க. உரிய அனுமதியும் சான்றும் இல்லாம நம்ம ஏர்போர்ட்டுல விடமாட்டாங்க.

பதில் 3 – ஓசூர்

மேக்லாங் ரயில் சந்தையையும் சேர்த்துக்குங்க அக்கா. தண்டவாளத்து மேலயே கடை போட்டிருப்பாங்க. ரயில் வந்ததும் பந்தலை மடக்கிடுவாங்க, காய்க்கூடைக்கு மேலயே வண்டி போகும்.

பதில் 4 – காவேரிப்பட்டணம் மாங்கா மண்டி

தம்பி சொல்றது நல்ல இடந்தான். ஆனா அங்க வேடிக்கை பார்க்கற கூட்டம்தான் அதிகம், தண்டவாளத்து மேல நிக்கணும். அம்மா முட்டிக்கு வேண்டாம்னு நினைக்கிறேன். அந்த நாளை இன்னொரு ராத்திரி பூச்சந்தைக்கு வைங்க.

பதில் 5 – கிருஷ்ணகிரி பூக்கடை

அண்ணா, டீச்சரம்மா, ரொம்ப நன்றி. ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணிட்டேன். சனாம் சாய் பக்கம் ஒரே ரூம், பட்டாயா இல்ல. நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எருக்கம்பூன்னதும் கட்டிக்கிட்டு இருந்த சரத்தைக் கீழே வச்சுட்டாங்க. "அந்த ஊசி அங்க விலைக்குக் கிடைக்குமா, கேளு"ங்கறாங்க. கிடைக்குமா அண்ணா? அதைக் கைப்பையில கொண்டுவரக் கூடாது, பெரிய பெட்டியிலதான் போடணும், இல்லையா?