குதிரைவாலிப் புல் ஒன்றா, இரண்டா?

வரப்போரம்:
ஊர் திருவாரூர் பக்கம். சம்பாவுக்குப் புழுதியிலேயே நேரடி விதைப்பு செய்தோம், நெல்லை முந்திக்கொண்டு புல் எழும்பிவிட்டது. அப்பா எல்லாவற்றையும் குதிரைவாலிப் புல் என்கிறார். எனக்கு இரண்டு விதம் தெரிகிறது. மேட்டில் இருப்பது குட்டை, தரையோடு சாய்ந்து பிறகு நிமிர்கிறது, இலையின் குறுக்கே ஊதாப் பட்டை. மடைப் பக்கம் நிற்பது என் இடுப்புக்கு மேல், பட்டை இல்லை, கதிரில் மீசை. ஒரே புல்லா?

புல்பித்து:
வேறு வேறுதாங்க, ஆனால் நெருங்கிய சொந்தம். குட்டை எக்கினோகுளோவா கொலோனா, நெட்டை எக்கினோகுளோவா குரூஸ்-காலி. ஊதாப் பட்டையை நம்பவேண்டாம், கொலோனாவிலேயே சில செடியில் இருக்கும், சிலதில் இருக்காது. கதிரை ஒடித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கொலோனாவில் கிளைக்கதிர் 1 முதல் 3 செ.மீ. வரைதான், அதில் மணிகள் நாலு வரிசையாக யாரோ கோத்து வைத்தது போல இருக்கும், மீசை கிடையாது. நெட்டையில் கிளைக்கதிர் நீளம், மணி சற்றுப் பெரிது, வரிசை இல்லாமல் குவிந்து தொட்டால் சொரசொரக்கும். மீசை இல்லாத நெட்டையும் உண்டு என்பதால் வரிசையைத்தான் முதலில் பாருங்கள்.

இன்னொன்று, நாம் பொங்கிச் சாப்பிடும் குதிரைவாலி இந்தக் கொலோனாவிலிருந்து வந்தது. ஜப்பானில் 'ஹியே' என்று ஒரு சிறுதானியம், அது நெட்டையின் வழி. இரண்டு நாட்டிலும் வயல் களையையே பயிராக்கியிருக்கிறார்கள், எனக்கு இது எப்போதும் ஆச்சரியம்தான்.

மடைக்காரர்:
கதிர் வரும்வரை காத்திருக்காதீர்கள் தம்பி, நெல் அறுக்கும் முன்பே மணி கொட்டி அடுத்த போகத்துக்கு விதையாகிவிடும். இளசிலேயே இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் வெள்ளைச் சவ்வு ஒன்று நுனி பிளந்து நிற்கும், இரு பக்கமும் மயிர் வைத்த சின்னக் கொக்கி. இந்தப் புல் இரண்டிலுமே அந்த இடம் வெறுமையாக இருக்கும். அப்புறம் தண்ணீர் விஷயம். தேங்கிய தண்ணீரில் கொலோனா முளைக்கத் திணறும், புழுதி விதைப்பில் அது பெருகுவது அதனால்தான். நெட்டைக்கு அது பொருந்தாது, காற்று குறைந்த சேற்றிலும் முளைக்கும், கையால் பறித்தே ஆகவேண்டும்.

வரப்போரம்:
காலையில் போய்ப் பார்த்தேன், மேட்டுப் புல்லில் நாலு வரிசை அப்படியே இருக்கிறது. மடையோரம் நெல் என்று விட்டுவைத்திருந்த ஏழு தூரை விரித்துப் பார்த்ததில் மூன்றில் சவ்வே இல்லை. பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டேன். அப்பா ஒரு தூரைக் கையில் எடுத்து விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.